ஸ்பெயினுக்குக் குடிபோகப் பார்த்த கதை

செலீன் பத்தொன்பது வருடம் குளிர் ஜக்கெற் தைத்தவள். மொன்றியலில் ஷபனெல் தெருவில் வரிசையாக நிற்கும் பழைய தொழிற்சாலைக் கட்டிடங்களில் ஒன்றின் ஆறாம் மாடியில், யன்னலோரமாக அவளுடைய மெசின் இருந்தது. வெளியே யூலை வெயில் தாரை உருக்கும். உள்ளே அவள் மடியில் பஞ்சடைத்த ஜக்கெற் கனத்துக் கிடந்து வேர்க்க வைக்கும். பனி கொட்டத் தொடங்கும்போது ஜக்கெற்றுகள் எல்லாம் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அவர்களோ விறைத்த விரல்களோடு கையில்லாத கோடைச் சட்டை தைத்துக்கொண்டிருப்பார்கள். பக்கத்து மெசினில் இருந்த கார்மென் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். கார்மென் ஸ்பெயின்காரி, செலீன் தமிழ்க்காரி. இருவரும் பேசிக்கொண்டது தொழிற்சாலைப் பிரெஞ்சு. இலக்கணம் இருவருக்கும் தெரியாது என்பதால் யாரும் யாரையும் திருத்தவில்லை. அதனால் அவர்கள் நிறையப் பேசினார்கள்.

2005இல் தொழிற்சாலையை மூடினார்கள். தையல் வேலை எல்லாம் தூர தேசங்களுக்குப் போய்விட்டது. கார்மென் கணவனை இழந்தவள், பிள்ளைகளும் இல்லை. சொந்த ஊருக்கே திரும்பிப் போனாள். சான் றோக்கே தெல் மார் என்று அந்த ஊருக்குப் பெயர். ஸ்பெயினின் கிழக்குக் கரையில் சின்னத் துறைமுகம் ஒன்றும் நீளமான மணல் கடற்கரையும் உள்ள இடம். போகும்போது செலீனின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து, "கட்டாயம் வர வேண்டும், என் தம்பியின் வீடு ஒன்று சும்மா கிடக்கிறது" என்றாள். செலீன் வருவதாகத் தலையாட்டினாள். அப்படித் தலையாட்டுவது மரியாதைக்காக என்றுதான் நினைத்தாள்.

அவளுடைய கணவர் பேனாட் அப்படி நினைக்கவில்லை.

பேனாட் விமான நிலையத்துக்கு உணவு அனுப்பும் சமையற்கூடத்தில் வேலை செய்தவர். ஆயிரம் பேருக்குச் சாப்பாடு கட்டி ஆகாயத்துக்கு அனுப்பிய மனிதர், தான் பிளேன் ஏறியது கனடாவுக்கு வந்தபோது ஒருமுறையும், மகன் றெக்ஸின் கலியாணத்துக்கு லண்டன் போனபோது ஒருமுறையும்தான். மொன்றியலில் குளிரைத் திட்டாத ஆள் இல்லை. ஆனாலும் பேனாட் திட்டுவது ஒரு தனிக் கலை. நவம்பரில் முதல் பனி விழுந்ததும் யன்னலடியில் நின்று தொடங்குவார். ஏப்ரல் கடைசியில் தெருவோரத்துக் கறுத்த பனிக்குவியல் கரையும் வரைக்கும் ஓயமாட்டார். 2006 பெப்ரவரியில், மொன்றியலின் லாசால் பகுதியில், தங்கள் தொடர்மாடியின் வாசற்படியிலேயே சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டுப் போட்ட கையோடு வீட்டுக்கு வந்து, கதிரையில் இருந்து, கட்டுப் போட்ட கையை யன்னலுக்கு நேரே நீட்டி, "இனி எனக்கும் உனக்கும் ஒரு கதையும் இல்லை" என்று பனியைப் பார்த்துச் சொன்னார். அந்த வருடமே ஓய்வு எடுத்தார். ஒக்டோபரில் இருவரும் கார்மெனிடம் போய் இரண்டு கிழமை நின்றார்கள்.

அந்த இரண்டு கிழமையும் பேனாட்டைக் கெடுத்துவிட்டது.

காலையில் வெயில் பட்டுப்போல இருந்தது. கடல் தண்ணீர் இளஞ்சூடு. பேனாட்டுக்கு நீந்தத் தெரியாது. காற்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டு, கணுக்கால் நனையும் இடத்தில் கைகளை இடுப்பில் வைத்து, கடலை வாங்க வந்தவர் மாதிரி நிற்பார். பின்னேரத்தில் வள்ளங்கள் வந்ததும் துறைமுகத்தில் மீன் ஏலம் நடக்கும். மீன்பெட்டிகள் ஒரு ஓடும் பட்டியில் வரிசையாக வரும். மேலே பலகையில் விலை கிடுகிடுவென்று இறங்கும். வாங்குகிறவர்கள் கையில் உள்ள பொத்தானை அமுக்கி நிறுத்துவார்கள். ஒருவரும் வாய் திறப்பதில்லை. பேனாட் மட்டும் ஒவ்வொரு பெட்டிக்கும் "ஐயோ விட்டிட்டானே!" என்று தமிழில் கத்துவார். மீன்காரர்களுக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

கடைசி நாள் கடற்கரையோரத்து நடைபாதையில் நடக்கும்போது அவர் நின்றார்.

"இஞ்சேர் செலீன், இஞ்சயே இருந்திட்டா என்ன?"

"இன்னும் ஒரு கிழமையோ?"

"ஒரு கிழமை இல்லை. வருசம் முழுக்க."

செலீன் சிரித்தாள். மொன்றியலில் பிளேன் இறங்கியதும் எல்லாம் மறந்துபோய்விடும் என்று நம்பினாள்.

பேனாட் மறக்கவில்லை. நூலகத்தில் இருந்து ஸ்பானிய மொழிப் பாட சீடிகளைக் கொண்டுவந்து குசினியில் ஓடவிட்டார். செலீன் வெங்காயம் வெட்டும்போது பின்னால் நின்று, "புகையிரத நிலையம் எங்கே இருக்கிறது?" என்று ஸ்பானிய மொழியில் கேட்பார். சான் றோக்கேயில் புகையிரத நிலையமே கிடையாது. மகள் அனோஜினிக்கு இந்தக் கதை துண்டாகப் பிடிக்கவில்லை. அவள் லாசாலிலேயே, இரண்டு தெரு தள்ளி, கணவனோடும் குழந்தையோடும் இருந்தாள்.

"அப்பா, உங்களுக்கு சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு. வருசத்தில பாதிக்கு மேல வெளிய நிண்டா ஹெல்த் கார்ட் போயிடும், தெரியுமோ? மூண்டு மாசத்துக்கு மேல நிக்க விசா வேற எடுக்க வேணும். யூ கான்ட் ஜஸ்ட் கோ!"

"அங்கயும் டொக்டர்மார் இருக்கினம் பிள்ளை."

"அவையளோட என்ன பாஷையில கதைப்பீங்கள்?"

பேனாட் நிமிர்ந்து நின்று, புகையிரத நிலையம் எங்கே இருக்கிறது என்று ஸ்பானிய மொழியில் கேட்டார். அனோஜினி தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

செலீனுக்கு ஆம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. இருபது வருடமாக அதே மூன்றாம் மாடி வீடு. தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை, பூசைக்குப் பிறகு மண்டபத்தில் பால் விடாத பிளேன்ரீ, அனோஜினியின் குழந்தை. இதை எல்லாம் விட்டுவிட்டு, கார்மெனைத் தவிர பேர் சொல்லக்கூட ஆளில்லாத ஊருக்கு எப்படிப் போவது? கடைசியில் அவள்தான் ஒரு வழி சொன்னாள்.

"கலியாணம் பேச முன்னம் பொம்பிளை பாக்கிறதில்லையோ? நாங்கள் அந்த ஊரை ஒக்டோபரில மட்டும்தான் பாத்தனாங்கள். உடுத்து வெளிக்கிட்டு நிண்ட பொம்பிளையைப் பாத்த மாதிரி. குளிர்காலத்தில மூண்டு மாசம் போய் இருந்து பாப்பம். அதுக்கு விசாவும் தேவையில்லை, வீட்டையும் விடத் தேவையில்லை. சரிவந்தா பேந்து யோசிப்பம்."

பேனாட் ஒத்துக்கொண்டார். ஆனால் வெளியே சொல்லும்போது 'மூன்று மாதம்', 'பார்ப்பம்', 'பேந்து' ஆகிய சொற்கள் எல்லாம் எங்கேயோ விழுந்துபோயின. "நாங்கள் ஸ்பெயினுக்குப் போறம்" என்பது மட்டுமே கோவில் பங்குச் சனம் முழுக்கப் பரவியது.

அல்போன்சம்மா கேட்டால் சும்மா இருப்பாரா? பங்கில் கலியாணம், பிறந்தநாள், செத்தவர்களின் முப்பத்தோராம் நாள் எதுவானாலும் முன்னுக்கு நிற்கிற மனுசி அவர். 2007 டிசம்பரில், நத்தாருக்கு அடுத்த ஞாயிறு, பூசை முடிந்ததும் கோவில் மண்டபத்தில் ஒரு பிரியாவிடை வைத்துவிட்டார். ரோல்ஸ், பற்றிஸ், கேக். கேக்கின் மேல் நீல நிறத்தில் கடல், அதில் ஒரு பாய்க்கப்பல். சுவாமியார் பேசினார். பாடகர் குழுவினர் பாடினார்கள். பேனாட்டுக்குப் பெரிய வைக்கோல் தொப்பியும் செலீனுக்குக் கறுப்புக் கண்ணாடியும் பரிசு. பேனாட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. உணர்ச்சிவசப்பட்டு எழுந்து, "இனி எங்களுக்கு இது தேவைப்படாது" என்று, போட்டுக்கொண்டு வந்த தடித்த ஜக்கெற்றை எடுத்து, எதிர் வீட்டு நண்பர் உருத்திரமூர்த்தியின் தோளில் போர்த்தினார். மூர்த்தி சைவ சமயக்காரர்; ரோல்ஸுக்காகவே அன்றைக்குக் கோவிலுக்கு வந்தவர். சபை கைதட்டியது. செலீன் பல்லைக் கடித்துக்கொண்டு தன்னுடைய ஜக்கெற்றின் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டாள். காருக்குப் போகும் வழி முழுக்கப் பேனாட் வைக்கோல் தொப்பியோடு நடுங்கிக்கொண்டு ஓடினார்.

ஜனவரியில் போய் இறங்கினார்கள். வானம் நீலம், வெயில் பளிச்சென்று. பேனாட் விமான நிலையத்தின் வாசலிலேயே மூச்சை இழுத்து விட்டு, "பாரும், பாரும்" என்றார்.

பிரச்சினை வீட்டுக்குள்ளே இருந்தது.

கார்மெனின் தம்பி வீடு கோடைக்கென்று கட்டியது. வடக்குப் பார்த்த வீடு. நிலம் முழுக்கப் பளிங்குக் கல், சுவர் மெல்லிசு, யன்னல் இடுக்கால் கடற்காற்று விசிலடித்துக்கொண்டு வரும். சூடாக்கி என்று ஒன்று சுவரில் எங்கேயும் இல்லை. மொன்றியலில் வெளியே இருபது பாகை மைனஸில் இருக்க, உள்ளே பனியனோடு திரிந்து பழகிய மனிதர்கள் அவர்கள். குளிர் என்பது வெளியே இருக்கும் ஒரு பொருள் என்றுதான் நினைத்திருந்தார்கள். சான் றோக்கேயில் அது வீட்டுக்குள் குடியிருந்தது. வெயில் காய வேண்டுமென்றால் தெருவுக்கு இறங்க வேண்டும்.

முதல் காலை செலீன் எழும்பியபோது, பேனாட் மேசைக்கு முன்னால் தலையில் வைக்கோல் தொப்பியும் அதற்குக் கீழே காதைச் சுற்றித் துவாயும், கையில் மாட்டிய காலுறையுமாக உட்கார்ந்து தேநீர்க் கோப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். வாயால் புகை வந்தது.

"குளிருதோ?"

"இதென்ன குளிர்?" என்றார். உதடு நீலமாயிருந்தது. "இதை ஒரு குளிரெண்டு சொல்லுறதே?"

கார்மென் வந்து பார்த்து, காஸ் சிலிண்டரில் எரியும் அடுப்பு ஒன்றைக் கொடுத்தாள். அதன் முன்னால் இருந்தால் முழங்கால் வேகும், முதுகு விறைக்கும். செவ்வாய்ச் சந்தைக்குப் போன செலீன், பூப்போட்ட தடித்த துணி ஒரு சுருள் வாங்கினாள். உள்ளே வைக்கப் பஞ்சுத் தட்டு வாங்கினாள். கார்மென் வீட்டு மூலையில் பூந்தொட்டி தாங்கிக்கொண்டிருந்த பழைய தையல் மெசினை இழுத்து எண்ணெய் விட்டாள். அடுத்த நாள் பேனாட்டுக்கு ஒரு அங்கி தயார். கழுத்தில் இருந்து கணுக்கால் வரை, கட்டம் கட்டமாகத் தைத்து, பெரிய இரண்டு பையோடு. சிவப்பு ரோசாப்பூ அவருக்கு விருப்பமில்லை. ஆனாலும் ஒருமுறை போட்டவர் பிறகு கழற்றவில்லை.

மாடிப்படியில் அந்த அங்கியைக் கண்ட கீழ்வீட்டு மனுசி பிலார், அது எங்கே வாங்கியது என்று கேட்டாள். அவளுக்கு ஒன்று தைத்தாள் செலீன். பிலாரின் தங்கைக்கு ஒன்று. மருந்துக்கடைக்காரியின் தாய்க்கு ஒன்று. பெப்ரவரி பிறக்கும்போது பின்னேரங்களில் கார்மென் வீட்டில் நான்கைந்து பெண்கள் கூடத் தொடங்கினார்கள். அந்த ஊர்களில் ஒரு வட்ட மேசை உண்டு. அதன் கீழே சின்ன மின்சாரச் சூடாக்கி. மேலே நிலம்தொடும் கனமான மேசை விரிப்பு. விரிப்பைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் கால் முழுக்க இதமாகிவிடும், எழும்ப மனம் வராது. எழும்ப மனம் வராத பெண்கள் பேசுவார்கள். செலீன் அளவெடுக்கும்போது தோள், இடுப்பு, கை என்று சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு மருமகள், மாமியார், முழங்கால் வலி என்று பாடம் மேலே போனது. அவளைச் செலீனா என்று கூப்பிட்டார்கள். அவள் பிழையாக ஏதாவது சொன்னால் மேசையே குலுங்கும்படி சிரித்தார்கள், அவளும் சிரித்தாள்.

ஒருநாள் மெசினைத் துணியால் மூடும்போது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பத்தொன்பது வருடம் தைத்திருக்கிறாள். ஒரு ஜக்கெற்றையாவது யார் போட்டுக்கொண்டார்கள் என்று தெரியாது. இங்கே அவள் தைத்த அங்கிகள் பேக்கரிக்குப் பாண் வாங்கத் தெருவில் போகின்றன. மேல் மாடியில் இருந்து பார்த்தால், மஞ்சள் பூ பிலார், நீலக் கோடு அவள் தங்கை. இந்த ஊரில் இருக்கலாம்போல இருக்கிறதே என்று அப்போதுதான் முதன்முதலாக நினைத்தாள். பேனாட்டிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் உடனே துள்ளுவார் என்று கொஞ்சம் பொத்தி வைத்தாள்.

பேனாட் துள்ளுகிற நிலையில் இல்லை. கிழக்குக் காற்று அடிக்கும் நாட்களில் வள்ளம் போவதில்லை, ஏலமும் இல்லை. நடைபாதையில் கடைகள் பாதி இரும்புக் கதவை இழுத்து மூடிவிட்டு மே மாதத்தில் வருவோம் என்று பலகை தொங்கவிட்டிருந்தன. அவர்களுடைய கட்டிடத்தில் மூன்று வீட்டில்தான் ஆள் இருந்தது. மதுக்கடையில் கிழவர்கள் டொமினோ விளையாடினார்கள். பேனாட் போய் அருகில் இருந்தார். அவர்கள் பேசிய வேகத்தில் சீடியின் ஒரு வரியும் அகப்படவில்லை. லாசாலில் என்றால் அவர் கடைத்தெருவுக்குப் போய்வர இரண்டு மணித்தியாலம் எடுக்கும்; வழியெல்லாம் கதை. இங்கே போன வேகத்தில் திரும்பி வந்தார். பிறகு மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் "கடற்கரைப் பக்கம் ஒரு நடை போட்டிட்டு வாறன்" என்று புறப்பட்டுப் பொழுதுபட வரத் தொடங்கினார். செலீனுக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. கடற்கரையில் அவ்வளவு நேரம் நடந்துவிட்டு வருகிற மனிதரின் சப்பாத்தில் ஒரு மணல்கூட இல்லை.

பெப்ரவரி நடுவில் அனோஜினி தொலைபேசியில் அழைத்தாள். லாசால் வீட்டின் சொந்தக்காரர் அடுத்த வருட வாடகை ஒப்பந்தத்துக்கான கடிதம் அனுப்பியிருக்கிறார். மொன்றியலில் வாடகை வீடுகள் யூலை முதலாம் திகதிதான் கைமாறும். இருக்கப் போகிறோமா, விடப் போகிறோமா என்று ஒரு மாதத்துக்குள் சொல்லவேண்டும். விட்டால் விட்டதுதான். அந்த வாடகைக்கு அந்தமாதிரி வீடு இனிக் கிடைக்காது.

"அப்பா, வாட் ஷுட் ஐ டெல் ஹிம்?"

பேனாட் உடனே "விடுறம் எண்டு சொல்லு" என்பார் என்று செலீன் காத்திருந்தாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"அவசரமில்லைப் பிள்ளை. ஒரு மாசம் கிடக்குத்தானே. பேந்து சொல்லுறன்."

பேந்து! பேனாட்டின் வாயில் இருந்து அந்தச் சொல் வந்ததைக் கேட்டு அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சிலிண்டர் அடுப்பின் திருகை மிகக் கவனமாகச் சரிசெய்துகொண்டிருந்தார்.

இரண்டு மூன்று நாள் கழித்து, குழந்தைக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, மத்தியானம், மொன்றியலில் விடியும் நேரம் பார்த்து, அனோஜினியிடம் விசாரிக்கப் போனாள் செலீன். வீட்டுத் தொலைபேசியில் அழைப்பு வாங்கத்தான் முடியும். வெளிநாட்டுக்கு எடுக்க வேண்டுமென்றால் பஸ் நிலையத்தடியில் ஒரு கடை இருந்தது. சின்னச் சின்னக் கண்ணாடிக் கூண்டுகளுக்குள் தொலைபேசி, மூலையில் நான்கு கம்பியூட்டர். கடைக்காரர் ஈக்குவடோர்க்காரர். அவளைக் கண்டதும் முகம் மலர, "கனடா! உங்கள் கணவர் வந்துவிட்டார், மூன்றாம் கூண்டு" என்றார்.

மூன்றாம் கூண்டுக்குள் சிவப்பு ரோசாப்பூ அங்கியின் முதுகு தெரிந்தது. கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. தேவையும் இல்லை; அவர் கதைத்தது தெருவுக்கே கேட்டது.

"டேய் மூர்த்தி, எங்கட பல்கனியிலயும் அவ்வளவோ?... கம்பி தெரியேல்லையோ?... அடக் கடவுளே! காரை எப்பிடி எடுத்தனீ?... வழிச்ச பனியைப் போட இடமில்லையோ? நான் நிண்டிருந்தா நேரா வலப்பக்கத்துக்குத் தள்ளியிருப்பன், உனக்கு எத்தினை தரம் சொல்லியிருக்கிறன்!... சரி, அதை விடு. மட்சைச் சொல்லு. நெற்றில ஸ்கோர் மட்டும்தான் கிடக்கு. அஞ்சு கோல் வாங்கிப்போட்டு எப்பிடியடா ஆறடிச்சாங்கள்?... ஓம்... ஓம்... முதலாவதில இருந்து சொல்லு. ஒண்டும் விடாமச் சொல்லு!"

அந்தக் கிழமைதான் மொன்றியல் ஹொக்கி அணி, ஐந்துக்குப் பூச்சியம் என்று பின்னால் நின்ற ஆட்டத்தை ஆறுக்கு ஐந்தாகத் திருப்பி வென்றிருந்தது. அந்த வருடம் நகரம் முப்பது வருடத்துக்கு மேலாகக் காணாத அளவு பனி கொட்டியது. பேனாட் இருபது வருடம் திட்டிய குளிர், அவர் இல்லாத நேரம் பார்த்துத் தன் வாழ்நாள் சாதனையைச் செய்துகொண்டிருந்தது.

செலீன் அடுத்த கூண்டில் நுழைந்து அனோஜினியோடு பேசினாள். குழந்தைக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. வெளியே வந்து காசு கொடுத்துவிட்டு, கதவடியில் நின்றாள். பேனாட் கடைசியில் முகம் சிவக்கச் சிவக்கச் சிரித்துக்கொண்டு வந்தார். அவளைக் கண்டதும் சிரிப்பு அந்தரத்தில் நின்றது.

"நடக்கப் போனனான்," என்றார்.

"தெரியுது."

நடைபாதையில் வெயில் படும் வாங்கு ஒன்றில் போய் இருந்தார்கள். கடல் கண்ணைக் கூசவைத்தது. ஒரு நாய் மட்டும் அலையைத் துரத்திக்கொண்டிருந்தது. பேனாட் அங்கியின் பைக்குள் கைகளை விட்டுக்கொண்டார்.

"இஞ்சேருங்கோ," என்றாள் செலீன். "வீட்டை போகவேணும்போல கிடக்கோ?"

"சீ! ஆர் சொன்னது?"

"நான் கேக்கிறன்."

"அங்க பனி வந்தா எனக்கு ஒரு வேலை இருக்கு செலீன். மூர்த்தியின்ர காரைத் தள்ள வேணும். அல்போன்சம்மாவின்ர படியை வழிக்க வேணும். ரீவியில மட்ச் நடந்தா கத்த வேணும். இஞ்ச என்னை ஒருத்தருக்கும் தேவையில்லை. நான் கத்தினாலும் ஒருத்தருக்கும் விளங்காது." குரல் இறங்கியது. "ஆனா எப்பிடிப் போறது? கேக் வெட்டி அனுப்பினவையெல்லே!"

செலீன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது.

"நீர் சிரியும். எனக்கு மானம் போகப் போகுது."

"அதுக்குச் சிரிக்கேல்லை. எனக்கு இஞ்சை விருப்பமாப் போச்சுது. அதுதான் சிரிக்கிறன். உங்களிட்ட எப்பிடிச் சொல்லுறதெண்டு நான் ஒளிச்சுத் திரியிறன், நீங்கள் அங்க கூண்டுக்குள்ள நிண்டு..."

பேனாட் அவளைத் திரும்பிப் பார்த்தார். இவள் வரமாட்டேன் என்று நின்றவள்; இவர் இழுத்துக்கொண்டு வந்தவர். இருவரும் எப்போது இடம் மாறினார்கள் என்று இருவருக்கும் தெரியவில்லை.

அன்றைக்கும் அடுத்த நாளும் வீட்டில் ஒரு மரியாதையான அமைதி நிலவியது. "உமக்கு விருப்பமெண்டா இருப்பம்" என்றார் அவர். "உங்களுக்கு ஏலாட்டிப் போவம்" என்றாள் அவள். இருவரும் மற்றவருக்காக விட்டுக்கொடுக்கப் பார்த்ததில் ஒரு முடிவும் வரவில்லை. உண்மையில் செலீனுக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. வட்ட மேசையில் தனக்கென்று ஒரு கதிரை கிடைத்து இப்போதுதான் மூன்று கிழமை. அதே நேரம், ரோசாப்பூ அங்கிக்குள் சுருங்கிப்போய் இருக்கும் மனிதரைப் பார்க்கவும் முடியவில்லை.

கார்மெனிடம் சொன்னாள். கார்மென் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே கேட்டுவிட்டு, தோளைக் குலுக்கினாள்.

"வருடம் முழுக்க இங்கே யார் இருக்கச் சொன்னது? நானே முடியாமல்தான் இருக்கிறேன். யூலை, ஓகஸ்டில் வந்து பார். பாண் வாங்க வரிசை, குளிக்கத் தண்ணீர் வராது, காலை வைக்கக் கடற்கரையில் இடமில்லை. ஜனவரி, பெப்ரவரியில் எலும்பு உறையும். இந்த ஊர் நல்லது வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும்தான். குளிருக்கு, மொன்றியலில் உன் வீட்டைப் போலச் சூடான ஒரு வீடு எனக்கு இருந்தால் நான் இங்கே நிற்பேனா?"

செலீன் கையில் இருந்த துணியைக் கீழே வைத்துவிட்டாள். அங்கேயே இருந்து விரலில் மாதங்களை மடக்கினாள். ஏப்ரல், மே இங்கே. கோடைக்கு அனோஜினியிடம். செப்டெம்பர் கடைசியில் திரும்பி வந்து நவம்பர் வரைக்கும் இங்கே. குளிர்காலம் முழுக்க லாசாலில். ஹெல்த் கார்டுக்கும் பிரச்சினையில்லை, விசாவும் வேண்டாம், வீட்டையும் விட வேண்டாம்.

பேனாட் முதலில் நம்பவில்லை.

"சனம் எல்லாம் குளிருக்குப் பயந்துதானே வெளிய போறது? நாங்கள் குளிருக்குத் திரும்பிப் போறதோ? சிரிப்பினம்!"

"சிரிக்கட்டும். உங்களுக்கு மட்ச் வேணுமோ, மானம் வேணுமோ?"

பேனாட் யோசித்தார். அதிக நேரம் எடுக்கவில்லை. அங்கியோடேயே பஸ் நிலையத்தடிக் கடைக்கு நடந்து, மூன்றாம் கூண்டுக்குள் நுழைந்து, வீட்டை விடவில்லை என்று வீட்டுக்காரருக்குச் சொல்லும்படி அனோஜினிக்குச் சொன்னார். மறுமுனையில் அவள் போட்ட கூச்சல் ஈக்குவடோர்க்காரருக்கும் கேட்டது. அவர் கைதட்டினார்.

மார்ச் கடைசியில் திரும்பிய முதல் ஞாயிறு பேனாட் கோவிலுக்குப் பின் கதவால் நுழைந்தார். பலனில்லை. பூசை முடிந்ததும் அல்போன்சம்மா இடுப்பில் கையை வைத்து வழியை மறித்தார்.

"என்ன பேனாட்டர், ஸ்பெயின் முடிஞ்சுதோ?"

"முடியேல்லை அக்கா. ஸ்பெயினுக்கு எங்களை வருசத்தில நாலு மாசம்தான் வேணுமாம்," என்றார் பேனாட். மண்டபமே சிரித்தது. பேனாட் பயந்துகொண்டிருந்த சிரிப்பு இதுதான். வந்து போனதில் ஒன்றும் உடையவில்லை. அல்போன்சம்மா ஒரு கோப்பை பிளேன்ரீயைக் கையில் திணித்துவிட்டு, அடுத்த பிரியாவிடைக்குக் கேக் கிடையாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னார்.

அதன்பிறகு அவர்களுடைய வருடம் அப்படித்தான் ஓடியது. செலீன் போகும்போது மொன்றியலில் வாங்கிய நல்ல பஞ்சுத் தட்டும் இழுத்துப் பூட்டும் சிப்புகளும் கொண்டுபோவாள். வரும்போது பிலார் கட்டிக் கொடுத்த பாதாம் இனிப்பு கொண்டுவருவாள். இலையுதிர்காலத்தில் பேனாட் ஏலத்தில் தமிழில் கத்தினார். குளிர்காலத்தில் ரீவிக்கு முன்னால் பிரெஞ்சில் கத்தினார்.

2009 ஜனவரியில், பெரிய சூட்கேஸ் ஒன்றோடு கார்மென் லாசாலுக்கு வந்து இறங்கினாள். முன்னறை அவளுக்கு. வெளியே பனிப்புயல், அவள் கையில்லாச் சட்டையோடு, வெறுங்காலோடு, சூடாக்கிக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, யன்னலால் பார்த்தாள். கீழே பேனாட்டும் மூர்த்தியும் மூர்த்தியின் காரைத் தள்ளிக்கொண்டு, எந்தப் பக்கம் தள்ளுவது என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அனோஜினி குழந்தையின் சப்பாத்துப் பனியைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள். எத்தனை நாள் நிற்கப் போகிறீர்கள் என்று கார்மெனிடம் பிரெஞ்சில் கேட்டாள்.

"என் வீட்டில் குளிர் விடும் வரைக்கும்," என்றாள் கார்மென்.

செலீன் குசினியில் இருந்து எட்டிப் பார்த்து, மேலே வந்து சாப்பிடச் சொல்லி யன்னலைத் தட்டினாள். கீழே இருந்த இருவருக்கும் அது கேட்கவில்லை.